இரண்டு படம் போதுமா? வரைகலை போகும் திசையும் ஸ்டீரியோ படத்தின் நாளையும்

செம்பனை வரிசைக்கு நடுவே நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மற்றக் கண்ணை மூடுங்கள். கிட்ட நிற்கும் மரம் இடம் மாறும். நாலைந்து வரிசை தள்ளி நிற்பது அசையாது. பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 63 மி.மீ. இருக்கிறது. முகத்துக்கு முன் 30 செ.மீ. தூரத்தில் பிடித்த விரலுக்கு அந்த இடைவெளி 12 பாகைக் கோணம் கொடுக்கிறது. 9 மீட்டர் தள்ளி நிற்கும் செம்பனைக்கு 0.4 பாகை, அடுத்த வரிசைக்கு 0.2, 90 மீட்டருக்கு அப்பால் 0.04. இந்தச் சிறு வேறுபாட்டைத்தான் மூளை ஆழமாக வாசிக்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டோன் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விளக்கிக் காட்டியதும் இதையே: ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் கொடுத்தால், தட்டையான தாளிலிருந்து ஆழம் எழும். ஸ்டீரியோ படம் என்பது இதுதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இதைப் பேச ஒரு காரணம் உண்டு. தோட்டம் கைமாறினால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் போகிறது, அஞ்சடி நடைபாதை போகிறது, சில சமயம் கோயிலும் இடம்பெயர்கிறது. அவை நிற்கும்போதே ஆழத்தோடு பதிந்து வைக்கும் கருவி இன்று கல்யாணப் படம் எடுக்கும் எந்த ஸ்டூடியோவிலும் இருக்கிறது. எந்த வடிவில் பதிவது என்பதுதான் கேள்வி. இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வைத்தால் இருபது வருடம் கழித்து அது போதுமா? கணினி வரைகலை போகும் திசையைப் பார்த்தால், போதாது என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. வரைகலை இப்போது காட்சியையே சேமிக்கப் பழகிவருகிறது. இரண்டு படங்களும் பார்க்கிற நேரத்தில், பார்க்கிறவரின் கண்ணுக்கும் திரைக்கும் தக்கபடி அவ்வப்போது வரையப்படுகின்றன.

முன்பே எடுத்து வைத்த ஜோடியில் என்ன குறை? ஒரு கணக்கைப் போட்டால் தெரியும். 10 மீட்டர் அகலச் சினிமாக் கொட்டகைத் திரையில் 2048 பிக்சல் இருந்தால் ஒரு பிக்சலின் அகலம் கிட்டத்தட்ட 4.9 மி.மீ. ஆகும். மிகத் தொலைவில் உள்ள ஒரு பொருளின் இரண்டு படங்களும் திரையில் 63 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. விலகினால் கண்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டிவரும், மனிதக் கண்ணுக்கு அது இயல்பாக வராது. ஆக, கொட்டகைத் திரையில் கையில் இருப்பது வெறும் 13 பிக்சல். 55 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ.; 1920 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.63 மி.மீ., 63 மி.மீ.க்கு 100 பிக்சல். கொட்டகைக்கென்று எடுத்ததைத் தொலைக்காட்சியில் போட்டால் 13 பிக்சல் என்பது 8 மி.மீ.தான், படம் சப்பென்று தட்டையாகிவிடும். தொலைக்காட்சிக்கென்று 100 பிக்சல் விலகலோடு எடுத்ததைக் கொட்டகையில் போட்டால் விலகல் அரை மீட்டரைத் தொடும், தலைவலி நிச்சயம். ஒரு ஜோடி ஒரு திரைக்குத்தான்.

3டி தொலைக்காட்சி விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம், இது மட்டுமே காரணம் இல்லையென்றாலும். இரண்டு கண்ணையும் மாறிமாறி மூடித்திறக்கும் கண்ணாடியில் ஒளி பாதிக்கு மேல் போனது. துருவக் கண்ணாடி (போலரைஸ்டு) வகையில் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வரிகளே கிடைத்தன. சாம்சங் 2016லும் எல்ஜியும் சோனியும் 2017லும் புதிய தொலைக்காட்சிகளில் அந்த வசதியை விட்டுவிட்டன. கணினி விளையாட்டுக்கான என்விடியாவின் 3டி விஷன் 2019இல் நின்றது.

வரைகலைக்குள் இந்தச் சிக்கல் முதலிலிருந்தே இல்லை. அங்கே கேமரா என்பது சில எண்கள். இடது கண்ணின் எண்ணோடு 63 மி.மீ. கூட்டினால் வலது கண். திரை மாறினால் இடைவெளியை மாற்றி மறுபடி வரைந்துகொள்ளலாம். பிறகு ஏன் விளையாட்டுகளும் அசைபடங்களும் இத்தனை காலம் நல்ல ஸ்டீரியோவாக வரவில்லை? வரைகலை வேகத்துக்காகச் செய்த பல வித்தைகள் ஒற்றைக் கண்ணை நம்பவைக்கச் செய்தவை. இரண்டாவது கண் வந்ததும் அவை அம்பலமாகின்றன.

தோட்டக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்து மரங்களை முழு வடிவமாக வரைந்தால் கணினி தாங்காது என்று, மரத்தின் படத்தை ஒரு தட்டையான அட்டையில் ஒட்டி நிறுத்துவது பழைய வழக்கம். ஒரு கண்ணுக்கு அது செம்பனை. இரண்டு கண்ணுக்கு அது நாடகத் தட்டி. பலகைச் சுவரின் இடுக்குகளை நிழல் போட்டு மட்டும் காட்டும் வித்தையும் அப்படியே: இரண்டு கண்ணால் பார்த்தால் சுவரில் பலகை மாதிரி அச்சடித்த தாள் ஒட்டியது போலத் தெரியும். 2022இல் வந்த, விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5இன் நானைட் போன்ற முறைகள் கோடிக்கணக்கான சிறு முக்கோணங்களை நேரடியாகவே வரையவிடுகின்றன. தட்டியின் இடத்தில் நிஜ வடிவம் வருகிறது. ஸ்டீரியோவுக்காக யாரும் அதைச் செய்யவில்லை, ஆனாலும் ஸ்டீரியோவுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பிரதிபலிப்பு இன்னும் நுணுக்கமானது. பூசை அறைக் குத்துவிளக்கைப் பாருங்கள். பித்தளையில் மின்னும் ஒளிப்பொட்டு பித்தளையின் மேற்பரப்பில் இருப்பதில்லை. உலோகம் வளைந்திருக்கும் விதத்துக்கு ஏற்ப உள்ளேயோ வெளியேயோ மிதக்கிறது, இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. பித்தளை பித்தளையாகத் தெரிவதற்கு அதுவும் காரணம். திரையில் ஏற்கெனவே வரைந்து முடித்ததிலிருந்து பிரதிபலிப்பை எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி பல விளையாட்டுகளில் உண்டு. இடது கண்ணின் திரையில் விளிம்போரம் இருந்த பொருள் வலது கண்ணின் திரையில் இருக்காது, அதனால் ஒரு கண்ணில் பிரதிபலிப்பு இருக்கும், மற்றதில் அறுந்துபோகும். மூளை இரண்டையும் இணைக்க முடியாமல் அந்த இடம் துடிக்கும். 2018இலிருந்து பொதுச்சந்தை வரைகலை அட்டைகளில் வந்த ஒளிக்கதிர் தடமறிதல், அதாவது ரே டிரேசிங், கதிரைக் காட்சிக்குள்ளேயே அனுப்பிக் கேட்கிறது. இரண்டு கண்ணுக்கும் ஒரே உண்மை கிடைக்கிறது.

ஆனால் அதிலும் ஒரு முள். நேரம் போதாமல் ஒரு பிக்சலுக்கு ஓரிரு கதிர் மட்டும் அனுப்பினால் படம் புள்ளிபுள்ளியாக வரும், அதை மென்பொருள் தடவித் துடைக்கும். இடது கண்ணில் விழுந்த புள்ளிகள் வேறு, வலது கண்ணில் விழுந்தவை வேறு. துடைத்த பிறகு மிஞ்சும் கறையும் வேறு. தட்டைத் திரையில் கண்ணுக்குப் படாத இந்த வேறுபாடு ஸ்டீரியோவில் தூசி மின்னுவதுபோல் தெரியும். சிறு படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற முறைகளிலும் இதே கதை. அவை முந்தைய சட்டகங்களை (ஃபிரேம்களை) நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் தனித்தனி நினைவு வைக்காமல் ஒன்றையே இரண்டுக்கும் கொடுத்தால் ஒவ்வொரு விளிம்பிலும் பேய் நிழல் ஒட்டிக்கொள்ளும்.

செலவையும் பார்த்துவிடலாம். 2023இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 தலைக்கருவியில் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 பிக்சல். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம், அதாவது 4கே தொலைக்காட்சியைவிட அதிகம். வினாடிக்கு 90 முறை என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் 11 மில்லி வினாடி. இதைச் சமாளிக்க வடிவங்களை ஒருமுறை அனுப்பி இரண்டு கண்ணுக்கும் ஒரே ஓட்டத்தில் வரைகிறார்கள். கண் எங்கே பார்க்கிறதோ அந்தச் சிறு பகுதியை மட்டும் கூர்மையாகவும் சுற்றியுள்ளதை மங்கலாகவும் வரைவது இன்னொரு வழி. கண்ணைப் பின்தொடரும் கேமரா கருவிக்குள் இருந்தால்தான் இது சரியாக அமையும்.

இப்போது லயத்துக்கு வருவோம். 2020இல் நெர்ஃப் என்ற முறையும் 2023இல் காசியன் ஸ்பிளாட்டிங் என்ற முறையும் வந்தபின், சாதாரணப் புகைப்படங்களிலிருந்தே ஓர் இடத்தை முழுவதுமாகக் கட்டி எழுப்ப முடிகிறது. ஸ்பிளாட்டிங்கில் காட்சி என்பது லட்சக்கணக்கான மென்மையான வண்ணத் திட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இடம், அளவு, சாய்வு, ஒளிபுகும் தன்மை, எந்தத் திசையிலிருந்து பார்த்தால் என்ன நிறம் என்ற விவரம், மொத்தம் 59 எண்கள் உண்டு. மூல வடிவில் பத்து லட்சம் திட்டு 236 எம்பி பிடிக்கும். திசைக்குத் திசை நிறம் மாறுவதால் குத்துவிளக்கின் மினுக்கும் ஓரளவு பிழைக்கிறது. இதிலிருந்து எந்த இரண்டு இடத்தில் வேண்டுமானாலும் கண்களை வைத்து ஜோடி எடுக்கலாம்.

எடுக்கும் முறை கடினமில்லை, ஆனால் கண்டிப்பு வேண்டும். மேகமூட்டமான காலை நேரம் நல்லது, காற்று எழுவதற்கு முன். ஒளியளவு, வெள்ளைச் சமநிலை, குவியம் மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஷட்டர் 1/250 வினாடி அல்லது அதைவிட வேகமாக. வீட்டைச் சுற்றி மூன்று சுற்று: இடுப்பு உயரத்தில் ஒன்று, கண் உயரத்தில் ஒன்று, கோலில் மாட்டித் தலைக்கு மேலே ஒன்று. அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 விழுக்காடு ஒன்றின்மேல் ஒன்று படியவேண்டும். ஒரு வீட்டின் வெளிப்புறத்துக்கு 200 முதல் 300 படம் ஆகும். வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும்போது 10, 15 செ.மீ.க்கு ஒரு படம், இல்லாவிட்டால் உள்ளும் புறமும் இணையாமல் இரண்டு துண்டாக நிற்கும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, நடுவில் நின்றுகொண்டு கேமராவை மட்டும் சுழற்றுவது. கேமரா இடம் மாறாவிட்டால் ஆழமே கிடைக்காது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்புவதற்கு அது சமம்.

லயத்துக்கே உரிய ஒரு பிழை உண்டு. பத்து வீடும் ஒரே அச்சு, ஒரே கதவு, ஒரே நிறம். மென்பொருள் இரண்டாம் வீட்டுக் கதவையும் ஆறாம் வீட்டுக் கதவையும் ஒன்றென்று எண்ணி, லயத்தை மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிடும். படம் எடுக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் வேறுவேறு எண் எழுதிய தாளையோ வேறுவேறு நிறத் துணியையோ தொங்கவிட்டால் இது நேராது. செம்பனை வரிசையிலும் பால்மர வரிசையிலும் இதே குழப்பம் வரும். அங்கே தண்டுகளில் அடையாளம் கட்டலாம். மட்டை காற்றில் ஆடினால் பஞ்சுபோல் மங்கும், அதற்கு மாற்று இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். வெள்ளையடித்த வெறும் சுவரில் பிடிமானம் இல்லாததால் பரப்பு நெளியும். உச்சி வெயிலில் தகரக்கூரையின் பளபளப்பு ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி, கூரைக்கு மேலே மேகத்தைப் போல் அழுக்கை மிதக்கவிடும். தட்டைத் திரையில் அந்த அழுக்கு கவனத்துக்கு வராது. இரண்டு கண்ணால் பார்க்கும்போது அது மூக்குக்கு முன்னால் தொங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அளவு. புகைப்படங்களை மட்டும் வைத்து வீடு 3 மீட்டரா 30 மீட்டரா என்று கணினியால் சொல்ல முடியாது. விகிதம் மட்டும்தான் தெரியும். ஸ்டீரியோவில் இது பெரும் பிழை. காட்சியின் அளவுக்குக் கண் இடைவெளி இரண்டு மடங்காக அமைந்துவிட்டால், அந்த வீடு பாதி அளவுப் பொம்மை வீடாகத் தெரியும். பாதியாக அமைந்தால் அரண்மனையாகத் தெரியும். பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்க்க வருகிறவருக்கு அது எத்தனை பெரிய ஏமாற்றம்! ஒரு மீட்டர் கோலைச் சுவரில் சாத்தி வைத்துச் சில படங்கள் எடுங்கள். கதவு நிலையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரே பெருக்கலில் அளவு சரியாகிவிடும்.

கட்டி எழுப்ப வலுவான வரைகலை அட்டை வேண்டும். ஸ்பிளாட்டிங்கை உருவாக்கிய ஆய்வுக்குழு தன் தரத்துக்கு 24 ஜிபி நினைவகம் கேட்டது. குறைந்த தரத்துக்கு அதைவிடச் சிறியது போதும். வேலையைப் பட்டணத்துக்கு வெளியே யாரிடமாவது கொடுத்தும் செய்துகொள்ளலாம், படம் எடுப்பது மட்டும் இங்கேதான் நடந்தாகவேண்டும்.

ஓடும் தேரையும் ஆடும் காவடியையும் ஒற்றைக் கேமரா முறையில் பிடிக்க முடியாது, ஏனென்றால் படத்துக்குப் படம் காட்சியே மாறிவிடுகிறது. அங்கே இன்னும் இரண்டு லென்சுதான். 2023 இறுதியிலிருந்து ஐபோன் 15 புரோ இரண்டு லென்சால் ஸ்டீரியோ காணொளி எடுக்கிறது, 1080 வரி, வினாடிக்கு 30 சட்டகம். ஒரு கண்ணின் படத்தை முழுதாகவும் மற்றதை வேறுபாடாகவும் சேர்த்துச் சுருக்கும் எம்வி-எச்இவிசி என்ற வடிவில் அது சேமிக்கிறது. சிக்கல் இடைவெளியில்: அந்த லென்சுகளுக்கு நடுவே ஏறத்தாழ 2 செ.மீ.தான். ஸ்டீரியோக்காரர்களின் பழைய விதிப்படி, கேமரா இடைவெளி மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கவேண்டும். 2 செ.மீ.க்கு அந்தத் தூரம் 60 செ.மீ. ஆகிறது. கோலம் போடும் கை, குழந்தைக்குச் சோறூட்டும் முகம், இவற்றுக்கு அருமை. வீதியில் வரும் தேருக்கு அது தட்டை.

தேருக்கு இரண்டு கேமராவை ஒரு பட்டையில் இணையாகப் பூட்டலாம். அருகில் உள்ளவர் 2 மீட்டரில் என்றால் இடைவெளி 6 முதல் 7 செ.மீ. இருக்கட்டும். கேமராக்களை உள்நோக்கித் திருப்பாதீர்கள். திருப்பினால் படத்தின் மூலைகள் மேலும் கீழும் விலகும், கண்ணுக்கு அந்த விலகல் பொறுக்காது. இணையாக எடுத்துவிட்டுப் பின்னால் படத்தைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்வதே முறை. இரண்டையும் கைத்தட்டல் ஓசையில் ஒன்றுசேர்த்தால் பிழை அரைச் சட்டகம் வரை இருக்கும். 60 சட்டகத்தில் அது 8 மில்லி வினாடி. காவடி வினாடிக்கு ஒரு மீட்டர் குறுக்கே நகர்ந்தால் 8 மி.மீ. இடம் மாறியிருக்கும், 3 மீட்டரில் உள்ள காவடி 2.7 மீட்டரிலோ 3.4 மீட்டரிலோ இருப்பதாகத் தெரியும். 30 சட்டகத்தில் எடுத்தால் பிழை இரட்டிக்கும். ஆகவே 60க்குக் குறையவேண்டாம்.

பழைய புகைப்படங்களுக்கும் ஆழம் கொடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒற்றைப் படத்தைப் பார்த்தே ஆழத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் 2019இல் மிடாஸ், 2024இல் டெப்த் எனிதிங் என்று வேகமாக முன்னேறிவிட்டன. ஊகித்த ஆழத்தைக் கொண்டு பிக்சல்களை நகர்த்தி இரண்டாம் கண்ணின் படத்தை உண்டாக்குகிறார்கள். நகர்த்தியதும் மரத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் திறக்கும், அதை மென்பொருள் தானே இட்டு நிரப்பும். சாம்பிராணிப் புகை, கண்ணாடி, முடி ஆகியவற்றில் ஒரு பிக்சலுக்கு ஒரே ஆழம் என்ற கணக்கு பொய்த்துவிடும். சுவரில் மாலை போட்டு மாட்டிய தாத்தா படத்தை இந்த மாதிரிகள் சில வேளை சன்னலுக்கு அப்பால் நிற்கும் ஆளாகக் காட்டும். குடும்பத்தார் மகிழ்ச்சியாகப் பார்க்க இது தாராளமாக உதவும். ஆவணமாக வைக்கிறவர்கள் மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, ஊகித்த ஆழத்தைத் தனிக் கோப்பாகப் பக்கத்தில் வைக்கவேண்டும். நிரப்பிய இடம் யாரும் கண்ணால் கண்டது இல்லை என்பதை எழுதியும் வைக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

காட்டும் கருவிகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. கண்ணாடி இல்லாமல் ஆழம் காட்டும் திரைகளில் ஒருவகை பார்க்கிறவரின் கண்ணைக் கேமராவால் பின்தொடர்ந்து அந்த இடத்துக்குரிய ஜோடியை வரைகிறது. 2020இல் சோனியும் 2025இல் சாம்சங்கும் அப்படிப்பட்ட திரைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அவை ஒருவருக்குத்தான், பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை. இன்னொரு வகையில் 45 முதல் 100 கோணங்களை ஒரே நேரத்தில் வெளியே விடும் திரைகள் வருகின்றன. குடும்பமே சுற்றி நின்று பார்க்கலாம், ஆனால் திரையின் கூர்மை அத்தனை பங்காகப் பிரிந்துபோகும். இரண்டு வகைக்கும் இரண்டே படங்கள் கொண்ட பழைய ஜோடி போதாது. காட்சி வேண்டும்.

வரைகலை எவ்வளவு முன்னேறினாலும் தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. தலைக்கருவியில் லென்சின் குவியம் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டரில் நிலைத்திருக்கும். முகத்துக்கு அருகே ஒரு பொருளைக் காட்டினால் கண்கள் உள்நோக்கித் திரும்பும், குவியம் மட்டும் அங்கேயே நிற்கும். கண் சோர்வுக்கு முக்கியமான ஒரு காரணம் இது, இதற்கு ஒளியியல்தான் விடை தேடவேண்டும். அதுவரை லயத்தைக் காட்டும்போது பார்வையாளரை அரை மீட்டருக்குள் எதையும் நெருங்கவிடாமல் அமைப்பது நல்லது.

தமிழ்ப்பள்ளியிலோ டேவான் மண்டபத்திலோ ஐம்பது பேருக்குக் காட்டவேண்டுமென்றால், இன்றைக்கும் மலிவானது சிவப்பு-நீலப்பச்சைத் தாள் கண்ணாடி. குங்குமமும் சிவப்புச் சேலையும் ஒரு கண்ணில் வெளிச்சமாகவும் மற்றதில் கறுப்பாகவும் விழுந்து துடிக்கும். நிறத்தைக் குறைத்து, கறுப்பு வெள்ளைக்கு அருகில் கொண்டுவந்தால் அடங்கும். துருவக் கண்ணாடிக்கு இரண்டு புரொஜெக்டரும் வெள்ளிப்பூச்சுத் திரையும் தேவை. சாதாரண வெள்ளைச் சுவர் துருவத்தைக் கலைத்துவிடுவதால் அதில் இரண்டு படமும் குழம்பித்தான் தெரியும்.

ஸ்பிளாட்டிங் கோப்பு வடிவங்கள் இன்னும் நிலைக்கவில்லை, சுருக்கும் முறைகள் மாறிக்கொண்டே வருகின்றன. ஆகவே கட்டி எழுப்பிய கோப்பைவிட மூலப்புகைப்படங்களே சொத்து. ஒரு படம் 8 எம்பி என்றால் 250 படம் 2 ஜிபி. ஒரு முழு லயத்தையும் கைவிரல் அளவு நினைவகத்தில் அடக்கிவிடலாம், இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வைக்கலாம். கூடவே ஓர் எழுத்துக் கோப்பு: எடுத்த தேதி, லென்சின் குவியநீளம், தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், எந்த வாசலில் எந்த எண் தொங்கியது, கதவு நிலையின் உயரம் எத்தனை செ.மீ.